ஹாலுக்கு ஒரு கம்ப்யூட்டர்: பழைய டவரா, புது அசெம்பிளியா, ராஸ்பெரி பையா?

மாடிப்படி:

வணக்கம் எல்லாருக்கும். ஹாலில் 55 இன்ச் 4கே டிவி இருக்கு. படம் அருமையா இருக்கு, உள்ளே இருக்கிற சாஃப்ட்வேர்தான் கிழடு தட்டிடுச்சு. ஒரு பட்டனை அமுக்கினா அது அசையறதுக்குள்ள நான் இன்னொரு தடவை அமுக்கி, ரெண்டும் சேர்ந்து சம்பந்தமில்லாத இடத்துல போய் நிக்குது. அப்டேட் வர்றதும் நின்னு போச்சு.

4 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒண்ணு நிறைய வீடியோ வெச்சிருக்கேன். வீட்டு விசேஷங்கள்ல எடுத்தது, காசு குடுத்து வாங்கின ப்ளூ-ரே டிஸ்க்குகள்லேர்ந்து காப்பி பண்ணி வெச்சது, ஃபோன்ல எடுத்தது எல்லாம் கலந்து கிடக்கு. டிவியில நேரா சொருகினா சில படங்கள்ல ஆடியோ ஃபார்மட் ஆதரிக்கப்படவில்லைன்னு ஒரு வரி காட்டிட்டு ஊமைப்படமா ஓடுது. டிவியிலேர்ந்து ஏஆர்சி (டிவி சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிள்லயே வெளிய அனுப்பற வசதி) வழியா ஒரு சவுண்ட்பார் போகுது.

கையில இருக்கிறது இன்டெல் 4வது தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், ஒரு பெரிய டவர் கேபினெட். இதையே டிவிக்குப் பக்கத்துல வைக்கலாமா, இல்ல சின்ன கேபினெட் வாங்கிப் புதுசா அசெம்பிள் பண்ணலாமா, இல்ல ராஸ்பெரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர் போர்டே போதுமான்னு ஓடிக்கிட்டே இருக்கு. செலவு எவ்வளவு குறையுமோ அவ்வளவு நல்லது. ஃபேன் சத்தம் கூடாது. முக்கியமா, அம்மாவும் இதுல பார்க்கணும். ரிமோட் எதைக் குடுத்தாலும் சமாளிச்சுடுவாங்க. கீபோர்டு, மவுஸ் பக்கம் வரவே மாட்டாங்க. ஓடிடியும் இதுலயே வந்துட்டா ஒரே பெட்டியோட போயிடும்.

திருப்புளி:

தம்பி, பார்ட்ஸ் லிஸ்ட் போடறதைக் கொஞ்சம் ஒத்திப் போடுங்க. முதல்ல அந்த டிஸ்க்குல என்ன இருக்குன்னு பாருங்க. உங்க டவர்லயே விஎல்சி ப்ளேயர்ல ஒரு படத்தை ஓட விட்டு, டூல்ஸ் மெனுவுல கோடெக் தகவல்னு இருக்கறதைத் திறங்க. கோடெக்னா வீடியோவைச் சுருக்கி வைக்கிற முறை. ஹெச்264னு வந்தா உங்க 4வது தலைமுறையே அலட்டிக்காம ஓட்டும். ஹெச்265 இல்லன்னா ஹெச்இவிசின்னு (ரெண்டும் ஒண்ணுதான்) வந்தா கதை வேற. 4கே ப்ளூ-ரேயிலேர்ந்து வந்ததெல்லாம் நிறத்தைக் கூடுதல் நுணுக்கமா வைக்கிற 10 பிட் ஹெச்இவிசிதான்.

வீடியோவைப் பிரிச்சுக் காட்டற வேலையை ப்ராசஸர் தன் சொந்த பலத்துல செய்யலாம், இல்ல கிராபிக்ஸ் பகுதிக்குள்ள அதுக்குன்னே கட்டி வெச்சிருக்கிற ஒரு துண்டு சர்க்யூட் செய்யலாம். சர்க்யூட் செஞ்சா ப்ராசஸர் தூங்கும், ஃபேனும் தூங்கும். ப்ராசஸர் செஞ்சா ஃபேன் கத்தும், 4கேயில படமும் திக்கும். அதனால ஹாலுக்கு வர்ற பெட்டியில எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ்னு கேக்கறது வீண். அந்தத் துண்டு சர்க்யூட்டுக்கு எந்த கோடெக் தெரியும்னு கேக்கணும். இன்டெல்ல 4வது தலைமுறைக்கு ஹெச்இவிசி தெரியாது. 6வதுக்கு 8 பிட் வரைக்கும் தெரியும். 7வதுலேர்ந்து 10 பிட் ஹெச்இவிசி, விபி9ங்கற இன்னொரு கோடெக் ரெண்டும் முழுசாத் தெரியும். ஏவி1ங்கற புது கோடெக் வேணும்னா 11வதுக்குப் போகணும். உங்க டிஸ்க்குல ஏவி1 இருக்க வாய்ப்பு கம்மி, அதுக்காக இப்பவே செலவு பண்ணாதீங்க.

ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் என் பிழைப்பு, அதனால என் பதில் ஒரு பக்கமாத்தான் சாயும். புதுசா அசெம்பிள் பண்ணாதீங்க. ஹாலுக்கு ஏத்த சின்ன கேபினெட், அதுக்குள்ள அடங்கற கூலர், சின்ன பவர் சப்ளை, இது ஒவ்வொண்ணுக்கும் சாதாரண சைஸை விடக் கூடத்தான் கேப்பாங்க. ஆபீஸ்ல மானிட்டர் முதுகுல ஒட்டிக்கிட்டு, தடிச்ச டிக்‌ஷனரி அளவுல ஒரு பெட்டி இருக்குமே, டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, ஹெச்பி எலைட்டெஸ்க் மினின்னு, அதுல ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல பிடிங்க. கம்பெனிங்க சில வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாக் கழிச்சுக் கட்டறாங்க, அதனால மார்க்கெட்ல எப்பவும் கிடைக்கும். ராம், எஸ்எஸ்டி, அடாப்டர் எல்லாம் கூடவே வரும். ஒரு புது மதர்போர்டும் ப்ராசஸரும் வாங்கற காசுக்கு முழுப் பெட்டியே வந்துடும்.

8வது தலைமுறை ஐ3யோ ஐ5ஓ பாருங்க. பேருக்குக் கடைசியில டி எழுத்து இருக்கணும், ஐ5-8500டி மாதிரி. அது 35 வாட் சிப், மத்தது 65 வாட். 7வதுமே படம் ஓட்டப் போதும். ஆனா விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் பொது ஆதரவை முடிச்சுட்டாங்க, விண்டோஸ் 11 கணக்குப்படி இன்டெல்ல 8வதுலேர்ந்துதான் ஆரம்பம். நாளைக்கு இந்தப் பெட்டியை வேற வேலைக்கு மாத்தினாலும் உதவும்.

எல்லாரும் கோட்டை விடற இடம் இனிமேதான் வருது. அந்த 8வது தலைமுறைக் காலத்து மினி பெட்டிங்கள்ல எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும் பெரும்பாலும் அது 1.4. அதுல 4கே போகும், ஆனா நொடிக்கு 30 தடவைதான். மவுஸை நகர்த்தினாலே இழுக்கறது தெரியும். பக்கத்துலயே இருக்கிற டிஸ்ப்ளேபோர்ட் 1.2ல 4கே 60 ஹெர்ட்ஸ் தாராளமாப் போகும். டிஸ்ப்ளேபோர்ட்லேர்ந்து எச்டிஎம்ஐ 2.0க்கு மாத்தற ஆக்டிவ் அடாப்டர் ஒண்ணு வாங்குங்க. ஆக்டிவ்ங்கற வார்த்தையைக் கேட்டு வாங்குங்க, உள்ளே சிப் இல்லாத மலிவு அடாப்டர் போட்டா பழையபடி 30தான். இன்னொண்ணு, இந்த வழியில எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் இன்னும் விரிவாக் காட்டற முறை) ஒழுங்காப் போகும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். எச்டிஆர் கட்டாயம் வேணும்னா, என்100 சிப் போட்ட புது மினி பிசியில எச்டிஎம்ஐ 2.0 போர்ட் இருக்கிறதாப் பார்த்து வாங்குங்க. 6 வாட் சிப், ஏவி1 கூடத் தெரியும். செகண்ட் ஹேண்டை விடக் கொஞ்சம் கூட ஆகும், ஆனா புதுசு. எச்டிஆர்லயே இன்னொரு வகையான டால்பி விஷனை ரெண்டுலயும் எதிர்பார்க்காதீங்க.

ஓடிடியை இந்தப் பெட்டிக்குள்ள கொண்டு வர நினைக்காதீங்க. அந்தக் கம்பெனிங்க எல்லாம் பூட்டுப் போட்டுத்தான் படம் அனுப்பறாங்க. வைட்வைன்னு ஒரு பூட்டு, அதுல எல்1, எல்3னு படி உண்டு. டிவி, டிவியில சொருகற ஓடிடி ஸ்டிக் எல்லாம் எல்1. கம்ப்யூட்டர் ப்ரவுசர்ல சாதாரணமாக் கிடைக்கிறது எல்3, அதுக்கு 4கே தர மாட்டாங்க, பல சேவைங்க முழு எச்டி கூடத் தர யோசிக்கும். அம்மா ப்ரவுசர் திறந்து லாகின் பண்ணப் போறாங்களா என்ன? ஓடிடிக்குத் தனியா ஒரு ஸ்டிக் வாங்கிச் சொருகிடுங்க, கம்ப்யூட்டர் உங்க டிஸ்க்கைப் பாத்துக்கட்டும்.

ஓவர்கிளாக்:

திருப்புளி அண்ணா சொன்னதுல மத்ததெல்லாம் சரி, ஆனா இருக்கிற டவரை ஏன் தூக்கிப் போடணும்? ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல போட்டா முடிஞ்சது. 30 வாட்தான், தனி பவர் கேபிள் வேண்டாம், ஃபேனே இல்லாத மாடலும் இருக்கு. 10 பிட் ஹெச்இவிசி, விபி9 ரெண்டும் தெரியும். எச்டிஎம்ஐ 2.0 நேராவே இருக்கு, அடாப்டர் தொல்லை கிடையாது. மொத்தச் செலவு ஒரு கார்டு.

திருப்புளி:

நல்ல யோசனைதான், மறுக்கல. அவர் டவரை ஒளிச்சு வைக்க இடம் இருந்தா நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா சத்தம் கார்டுலேர்ந்து மட்டுமா வருது? பழைய பவர் சப்ளை ஃபேன், ப்ராசஸர் ஃபேன், கேபினெட் ஃபேன், உள்ளே சுத்தற 3.5 இன்ச் டிஸ்க், இத்தனையும் சேர்ந்துதானே? பகல்ல தெரியாது. ராத்திரி படத்துல ரெண்டு பேர் ரகசியம் பேசறப்போ தெரியும். ஒண்ணொண்ணா மாத்தினா மினி பெட்டி விலை வந்துடும். சும்மா ஆன்ல இருக்கிறப்பவே டவர் குடிக்கிற கரண்டும் மினியை விடப் பல மடங்கு.

செம்பருத்தி:

சகோ, அம்மா பயன்படுத்தணும்னு எழுதியிருக்கீங்க. அதை யாரும் கண்டுக்கலையேன்னுதான் எழுத வந்தேன்.

எங்க வீட்டுல ராஸ்பெரி பை 4ல லிப்ரெஎலெக் போட்டு வெச்சிருக்கேன். அது கோடிங்கற படம் ஓட்டற சாஃப்ட்வேரை மட்டும் ஓட்டறதுக்காகவே பண்ணின சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம். ஆன் பண்ணினா நேரா படங்களோட பட்டியல்ல வந்து நிக்கும், டெஸ்க்டாப்னு ஒண்ணு கிடையாது. பையில எச்டிஎம்ஐ சிஇசி இருக்கு. டிவியோட ரிமோட்டே கோடியையும் இயக்கும், ஒரு பைசா கூடுதல் செலவில்லாம. டிவி அமைப்புல மட்டும் அதை ஆன் பண்ணணும். சாம்சங்கில் எனிநெட், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க்னு பேர் மாத்தி வெச்சிருப்பாங்க, எல்லாம் இதேதான். கம்ப்யூட்டர்ல இந்த வசதி சாதாரணமா இருக்காது. இதை வாங்கறதுக்கு முன்னாடியே யோசிச்சுக்கோங்க.

பை 4, பை 5 ரெண்டுக்கும் 4கே ஹெச்இவிசி ஹார்டுவேர்லயே தெரியும். பை 5ல ஹெச்264க்கு ஹார்டுவேர் டிகோடர் எடுத்துட்டாங்க, ஆனா முழு எச்டி படங்களை ப்ராசஸரே சமாளிச்சுடும்.

குறையும் சொல்லிடறேன். யூஎஸ்பியிலேர்ந்தே கரண்ட் எடுக்கிற ஹார்ட் டிஸ்க்கைப் பையில நேரா மாட்டினா சில சமயம் மூச்சு வாங்கும். பை 4ல நாலு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். பை 5ல அதுக்குன்னு உள்ள 5 ஆம்பியர் சார்ஜர் போட்டா 1.6, சாதா ஃபோன் சார்ஜர் போட்டா 0.6க்கு இறக்கிடும். டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் இருந்தா கவலையில்ல. அப்புறம் போர்டு விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. கேஸ், சார்ஜர், மெமரி கார்டு, மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள்னு கூட்டிப் பார்த்தா திருப்புளி அண்ணா சொல்ற பழைய பெட்டி விலைக்குப் பக்கத்துல வந்துடும்.

திருப்புளி:

செம்பருத்தி சொல்றது நூத்துக்கு நூறு. ரிமோட்டை நான் கடைசியில எழுதலாம்னு விட்டேன், அதைத்தான் முதல்ல எழுதியிருக்கணும் போல.

மினி பெட்டிக்கும் வழி இருக்கு. டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல மாட்டற பல்ஸ்-எய்ட் சிஇசி அடாப்டர்னு ஒண்ணு உண்டு. அதை விட ஃப்ளர்க் எனக்குப் பிடிக்கும். யூஎஸ்பியில சொருகற சின்னக் கட்டை, வீட்டுல கிடக்கிற எந்த இன்ஃப்ராரெட் ரிமோட்டையும் அதுக்குச் சொல்லிக் குடுக்கலாம். கம்ப்யூட்டர் அதைக் கீபோர்டுன்னு நம்பிக்கும், அதனால டிரைவர் எதுவும் வேண்டாம். வீணாப் போன டிவிடி ப்ளேயரோட ரிமோட் இருந்தா எடுத்து வைங்க. டிவி அதுக்கு அசையாது, அதனால ஒண்ணை அமுக்கினா ரெண்டும் ஆடற குழப்பம் வராது.

மாடிப்படி:

ரொம்ப நன்றி அண்ணா, செம்பருத்தி அக்கா, ஓவர்கிளாக். விஎல்சியில பார்த்தேன். பாதிக்கு மேல ஹெச்264, 4கே எல்லாம் 10 பிட் ஹெச்இவிசி, நீங்க சொன்னபடியே. எச்டிஆருக்காக இப்போ கூடச் செலவு பண்ண மனசில்ல. 8வது தலைமுறை ஐ5 டி மினி ஒண்ணு பேசி வெச்சிருக்கேன், 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி. காசு குடுக்கறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

திருப்புளி:

ஆன் பண்ணி, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே வர்ற பயாஸ் அமைப்புக்குள்ள போங்க. பாஸ்வேர்டு கேட்டா வாங்காதீங்க. ஆபீஸ்ல பூட்டினதை அப்படியே விக்கறவங்க உண்டு, திறக்க நாய் படாத பாடு படணும். கூட வர்ற அடாப்டர் அந்தக் கம்பெனியோடதான்னு பாருங்க. சில மாடல்கள் வேற அடாப்டரைக் கண்டா ஸ்க்ரீன்ல முறைச்சுட்டு ப்ராசஸர் வேகத்தையே இறக்கிடும். டிஸ்ப்ளேபோர்ட் எல்லாத்துலயும் ஒரு மானிட்டர் மாட்டிப் பாருங்க.

வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறங்க. பல மாடல்கள்ல பின்பக்கம் ஒரே ஒரு ஸ்க்ரூ, கையாலயே கழட்டலாம், மூடியை முன்பக்கமாத் தள்ளினா வந்துடும். ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கிட்டுத் தூசியை ஊதுங்க, பிடிக்காம ஊதினா அதிவேகமாச் சுத்தி பேரிங் போயிடும். ப்ராசஸர் மேல உக்காந்திருக்கிற ஹீட்சிங்கைத் தூக்கிப் பாருங்க. நடுவுல சூடு கடத்தறதுக்குப் பூசின பழைய பேஸ்ட் நகத்தால சுரண்டினா பொடியா உதிரும். ஸ்பிரிட்டுல துடைச்சுட்டு நடுவுல ஒரு பொட்டு புது பேஸ்ட் வெச்சு மூடுங்க. ஃபேன் சத்தத்துல பாதி இதுலயே அடங்கும்.

பயாஸ்ல கரண்ட் வந்தா தானா ஆன் ஆகற அமைப்பு இருக்கும், அதைப் போட்டுடுங்க. பெட்டியை டிவி முதுகுல மாட்டினப்புறம் பவர் பட்டனுக்குக் கை எட்டாது.

மாடிப்படி:

வாங்கி லிப்ரெஎலெக் போட்டாச்சு. சத்தம் காதை வெச்சுக் கேட்டாத்தான் தெரியுது. ஃப்ளர்க்ல டிவிடி ரிமோட் பழக்கிக் குடுத்தேன், அம்மா முதல் நாளே என்னைக் கேக்காம படம் போட்டுட்டாங்க.

மூணு தொந்தரவு பாக்கி. கேமரா மெதுவா நகர்ற காட்சிகள்ல படம் லேசாக் குலுங்குது. டிடிஎஸ்ங்கற ஆடியோ ஃபார்மட்ல இருக்கிற படங்கள் இப்போ சவுண்ட்பார்ல பேசுது, ஆனா ஸ்டீரியோவாத்தான் வருது, அது ஆறு சேனல் தர்ற 5.1 பார். அப்புறம் நான் டைப் பண்றதுக்கு ஒரு வயர்லெஸ் குட்டி கீபோர்டு வெச்சிருக்கேன், ஹார்ட் டிஸ்க்குலேர்ந்து படம் ஓடறப்போ மட்டும் எழுத்து விட்டு விட்டு விழுது. பேட்டரி மாத்தியும் அப்படியே.

திருப்புளி:

கீபோர்டை முதல்ல முடிப்போம், அது தமாஷான கேஸ். யூஎஸ்பி 3.0ல டேட்டா ஓடறப்போ கிளம்பற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில போய் விழும். உங்க கீபோர்டுக்காக யூஎஸ்பியில சொருகியிருக்கிற டாங்கிள் பேசறதும் அதே அலைவரிசைதான். இன்டெல்லே 2012ல இதைப் பத்தி ஒரு அறிக்கை போட்டிருக்காங்க. டிஸ்க் கேபிளும் டாங்கிளும் பக்கத்துப் பக்கத்து ஓட்டையில இருக்கா? டாங்கிளை ஒரு அடி யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள்ல மாட்டி டிவிக்கு முன்பக்கம் கொண்டு வந்து விடுங்க.

குலுங்கறதுக்குக் காரணம், சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், உங்க டிவி ஓடறது 60ல. 60ஐ 24 பேருக்குச் சமமாப் பங்கு போட முடியாது. ஒரு ஃப்ரேமை ரெண்டு தடவை, அடுத்ததை மூணு தடவைன்னு காட்டி ஒப்பேத்துது. கோடியில அமைப்புகள், ப்ளேயர், வீடியோஸ் போய் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்டை மாத்தறதை, ஆரம்பம் நிறுத்தம்னு இருக்கறதுல வைங்க. பக்கத்துலயே சின்க் ப்ளேபேக் டு டிஸ்ப்ளேன்னு ஒண்ணு ஆசை காட்டும், தொடாதீங்க. அதைப் போட்டா ஆடியோ பாஸ்த்ரூ (ஆடியோவைப் பெட்டியில பிரிக்காம அப்படியே டிவிக்கு அனுப்பறது) வேலை செய்யாது. அப்புறம் எக்ஸ்பர்ட் மோடுக்கு மாறி, சிஸ்டம், டிஸ்ப்ளேயில இருக்கிற வைட்லிஸ்ட்டுல (கோடி எதுக்கெல்லாம் மாறலாம்ங்கற பட்டியல்) 4கே, 1080 ரெண்டுலயும் 23.976, 24, 25, 29.97, 30, 50, 59.94, 60 எல்லாத்தையும் டிக் பண்ணுங்க. மெனுவை 1080லயே விட்டுடுங்க. மெனு லேசா ஓடும், 4கே படம் போட்டா அது மட்டும் 4கேக்குத் தாவும்.

சத்தத்துக்கு வருவோம். உங்க டிவிக்கு டிடிஎஸ் தெரியாது. பல கம்பெனிங்க அதுக்கு லைசென்ஸ் எடுக்கறதில்ல, முன்னாடி ஊமைப்படம் ஓடினதும் அதனாலதான். டால்பி டிஜிட்டல் தெரியும். அதனால கோடியே டிடிஎஸ்ஸை டால்பி டிஜிட்டலா மாத்தி அனுப்பட்டும். சிஸ்டம், ஆடியோவுல பாஸ்த்ரூவை ஆன் பண்ணி, ஏசி3க்கு (டால்பி டிஜிட்டலோட இன்னொரு பேர்) மட்டும் டிக் போடுங்க, டிடிஎஸ்ஸுக்குப் போடாதீங்க. டிரான்ஸ்கோடிங்னு ஒரு வரி வரணும். வரலன்னா மேலே சேனல் எண்ணிக்கையை 2.0னு வைங்க. 5.1 வேணும்னா 2.0 வைக்கச் சொல்றானேன்னு குழம்பாதீங்க. 2.0 வெச்சாத்தான் அந்த வரியே கண்ணுக்குத் தெரியும், அந்த மெனுவைப் பண்ணின ஆள் தலைகீழா யோசிச்சிருக்கான்.

படம் ஓடறப்போ கீபோர்டுல ஓ எழுத்தை அமுக்கினா டிகோடர் பேர் பக்கத்துல ஹார்டுவேரா சாஃப்ட்வேரான்னு சுருக்கெழுத்துல காட்டும். 4கே படத்துல ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க.

மாடிப்படி:

ஹார்டுவேர்னுதான் காட்டுது. கீபோர்டு சரியாயிடுச்சு, நம்பவே முடியல. சவுண்ட்பார்ல டால்பின்னு விளக்கு எரியுது. குலுங்கறதும் போயிடுச்சு, ஆனா இப்போ ஒவ்வொரு படம் ஆரம்பிக்கும்போதும் ரெண்டு மூணு நொடி திரை கருப்பாயிடுது, முதல் வசனம் போயிடுது. அம்மா டிவி கெட்டுப் போச்சுன்னு பயந்துட்டாங்க.

திருப்புளி:

கெட்டுப் போகல. 60லேர்ந்து 24க்கு மாறறப்போ டிவியும் பெட்டியும் மறுபடி கை குலுக்கி அறிமுகமாகிக்கணும், அந்த நேரம்தான் கருப்பு. ரெஃப்ரெஷ் ரேட் மாறினப்புறம் எத்தனை நொடி காத்திருக்கணும்னு ஒரு அமைப்பு இருக்கு, ரெஃப்ரெஷ் ரேட் சமாச்சாரங்களோடயே தேடுங்க. 3 நொடி வைங்க. கருப்பு இருக்கும், வசனம் போகாது. அம்மாகிட்ட மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைங்க.